அறுபத்தொரு புள்ளடிகள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்கள் நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டு, "இது இந்த மனிசனுக்கு இவ்வளவு நாளும் விளங்கேல்லையோ" என்று கேட்பீர்கள். விளங்கவில்லை. மூன்று மாதம் நான் ஒரு கள்ளனைத் தேடி அலைந்தேன். சட்டம் படித்தேன். மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். ஒரு பிறந்தநாள் விழாவில் மைக்கை வாங்கிச் சொற்பொழிவு ஆற்றினேன். கள்ளன் நான்தான்.

இனி ஆறுதலாகச் சொல்லலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டோர்ட்மண்டில் என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. எங்கள் சனத்தின் விலாசக் கொப்பி. கல்யாணமோ சாமத்திய வீடோ வந்தால் முந்நூறு பேருக்கு அழைப்பிதழ் போகவேண்டும். ஆட்களோ அகதி முகாமிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து வீட்டுக்கு, இந்த நகரத்திலிருந்து பீலெஃபெல்டுக்கு, பீலெஃபெல்டிலிருந்து கொலோனுக்கு என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆர் எந்தத் தெருவில் என்பது என் கொப்பிக்குத்தான் தெரியும். பெயர், தெரு, தபால் இலக்கம், தொலைபேசி இலக்கம். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தபடியால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நாட்டில் அவரவர் பிறந்த ஊரையும் எழுதி வைத்திருந்தேன். கொப்பியை இரவல் கேட்டு வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கிடங்கொன்றில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த எனக்கு ஜெர்மனியில் இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பெரிய தளபாடக் கடைக்குச் சப்பாத்துத் தட்டு வாங்கப் போனோம். கதவைத் திறந்ததும் ஒரு சிவப்புக் கார். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பீப்பாய். அட்டை நிரப்பி அதற்குள் போட்டால் குலுக்கல், பெயர் விழுந்தால் கார். ஒருவருக்கு ஓர் அட்டை என்று எழுதியிருந்தது. நான் ஒரு கட்டு அட்டையை எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, இதென்ன இவ்வளவு?" என்று மனுசி கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு ஒண்டுதானே போட்டிருக்கு. எங்களிட்டை எத்தினை ஆள் இருக்கு?"

"அவையளுக்குக் கார் விழுந்தால் உங்களுக்கு என்ன?"

"எழுதிப் போட்டவனை ஒருக்கா ஏத்தி ஓடாமலே விடுவினம்?"

கொப்பி எப்போதும் என் பையில்தான். கடையின் விற்பனைக் கட்டிலொன்றில் குந்திக்கொண்டு எழுதத் தொடங்கினேன். அட்டையில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். கொப்பியில் ஆளுக்கு ஒரு பெயர்தான் இருந்தது. மற்றக் கட்டத்துக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். அகதி விண்ணப்பம், விசா நீடிப்பு, வீட்டு விண்ணப்பம் என்று பதினைந்து வருடமாக இந்த நாட்டின் படிவங்களை நிரப்பி வந்தவன் நான். வெறுமையாக விட்ட கட்டம் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் அடித்துப் படிப்பித்த பாடம். ஆகவே எங்கள் ஆட்கள் கட்டத்தைக் கண்டால் விடமாட்டார்கள். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஊரை எழுதினேன். கொக்குவில். காரைநகர். வேலணை. இணுவில். அட்டையின் அடியில் எறும்பளவு எழுத்தில் நாலு வரியும், முன்னால் ஒரு சின்னக் கட்டமும் இருந்தன. வாசிக்கவில்லை, பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டேன். கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. இன்னொருவரின் கையெழுத்தை நாம் போடுவது குற்றம் என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அதனால் என் சொந்தக் கையெழுத்தையே போட்டேன். அறுபத்தொரு அட்டையிலும்.

சப்பாத்துத் தட்டு வாங்க மறந்துவிட்டோம்.

கார் யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு விழுந்தது. பீப்பாயில் மிஞ்சிய அட்டைகளைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்து, நானும் அவற்றை மூளையிலிருந்து கொட்டிவிட்டேன். அவ்வளவு சுத்தமாகக் கொட்டினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மனுசி நம்புகிறாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. வைன், லொத்தர், சஞ்சிகை, தொலைபேசி இணைப்பு என்று எதையாவது விற்கும் அழைப்புகள். அதில் அதிசயம் இல்லை, எல்லோருக்கும் வருகிறதுதான். அதிசயம் என்னவென்றால், அழைத்தவர்கள் எங்கள் ஆட்களை ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வணக்கம், திரு காரைநகர் பேசுகிறாரா?" "திருமதி இணுவில் அவர்களே, உங்களுக்கு ஒரு நற்செய்தி."

சனம் கலங்கிப்போய்விட்டது. ஜெர்மன் கம்பனிக்கு வேலணை எப்படித் தெரியும்? தூதரகம் விற்றுவிட்டது என்றார் ஒருவர். கோயில் அர்ச்சனைச் சிட்டையிலிருந்து போயிருக்கிறது என்றார் இன்னொருவர். முகாமில் கொடுத்த வாக்குமூலம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்த சிலர் இரண்டு நாள் தொலைபேசியே எடுக்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே புளுகம், ஒரே சந்தோசம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மர்மம் என் வாசலுக்கு வந்திருக்கிறது. ஆருக்கு அழைப்பு வந்தாலும் நான் நேரில் போய், எத்தனை மணிக்கு, ஆண் குரலா பெண் குரலா, எந்த ஊரைச் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டேன். எதில் குறித்தேன் என்று கேட்காதீர்கள். அதே கொப்பியில்தான்.

அப்படி இருக்கையில் ஒரு பின்னேரம் எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடித் தங்கச்சி ஒரு கடிதத்தோடு வந்தாள். நாங்கள் இரண்டாம் மாடி. அவள் தனியே இருந்தாள், கொக்குவில்காரி, முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. நான் சொல்லும் பகிடிக்கெல்லாம் சிரிக்கும் ஒரே ஆள் என்பதால் எனக்கு அவள்மேல் தனி மரியாதை. அன்று அவள் சிரிக்கவில்லை.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. எனக்கு அரைவாசிதான் விளங்குது. அந்த அரைவாசியே போதும் போலை கிடக்கு."

வாசித்தேன். ஒரு தொலைபேசிக் கம்பனி, திருமதி கொக்குவில் அவர்களைத் தன் புதிய வாடிக்கையாளராக வரவேற்றது. மாத முடிவில் அவளுடைய பழைய இணைப்பு நிற்கும். புதிய இணைப்புக்குப் புதிய இலக்கம்.

"நீர் ஓம் எண்டு சொன்னனீரோ?"

"சொன்னன்."

"ஏன் சொன்னனீர்?"

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "கொக்குவிலோ எண்டு கேட்டான் அண்ணை. ஜெர்மன்காரனுக்குக் கொக்குவில் எங்கை தெரியும்? தம்பி சொல்லித்தான் தெரியும் எண்டு நினைச்சன். எங்கேயோ பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், விசாரிக்கிறாங்கள் எண்டு. இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அவனுக்கு ஏதும் ஆகீடுமோ எண்டு எல்லாத்துக்கும் யா, யா எண்டிட்டன்."

தம்பி என்றது அவளுடைய ஒரே சகோதரனை. வெளிநாட்டுக்குக் களவாக ஆள் ஏற்றும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு ஏழு மாதமாக வழியில் நிற்கிறவன். கையில் கடவுச்சீட்டு இல்லை, காகிதம் இல்லை. எழுதி வைத்திருந்தால் ஏஜென்சிக்காரன் வாங்கிக் கிழித்துவிடுவான் என்பதால் அக்காவின் தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வெளிக்கிட்டவன். ஒருமுறை ஏதோ ஒரு பனி நாட்டிலிருந்து எடுத்தான். பிறகு ஒருமுறை எடுத்து, இடம் மாறப்போகிறோம் என்றான். அதற்குப் பிறகு இல்லை. அவனுக்குப் புதிய இலக்கத்தைச் சொல்ல ஒரு வழியும் இல்லை. மாத முடிவுக்குப் பதினேழு நாள் இருந்தது.

"இந்த நம்பர் போகக்கூடாது அண்ணை," என்றாள். அழவில்லை. சாமான் கடையில் பருப்பு இருக்கோ என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத்தான் வந்தது. ஆனால் விடிந்ததும் வேலைத்தலத்தில் எங்கள் பகுதிப் பொறுப்பாளரான ஜெர்மன் மனுசியிடம் கதையைச் சொன்னேன். தன் வயதைக்கூட எவருக்கும் சொல்லாத மனுசி அவர். நாங்கள் ஐந்து நிமிடத்தில் எந்த ஊர், என்ன விசா, சம்பளம் எவ்வளவு என்று கேட்டு முடிப்பவர்கள். அவரோடு பத்து வருடம் வேலை செய்தும் அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்பது எனக்குத் தெரியாது. கதையைக் கேட்டதும் கையிலிருந்த பசைநாடாவைக் கீழே வைத்தார்.

"உங்கள் விவரம் எங்கே கிடைத்தது என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லியே ஆகவேண்டும். அதற்கு இங்கே சட்டம் இருக்கிறது."

நான் நகர நூலகத்துக்கு ஓடினேன். உண்மையில் டிராமில்தான் போனேன், ஆனால் நின்றுகொண்டே போனேன். தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று கேட்டதும் ஒரு தடித்த புத்தகத்தைத் தந்தார்கள். ஒரு வசனம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் வினைச்சொல்லைக் கண்டுபிடிக்கிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பின்னேரம் வாசித்தேன். முப்பத்துநாலாம் பிரிவுக்கு வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னைப் பற்றி ஒரு கம்பனி என்ன விவரம் வைத்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கலாம். எவரும். குடியுரிமை வேண்டும், விசா வேண்டும் என்று ஒரு இடத்திலும் இல்லை. பதினைந்து வருடமாக இந்த நாடு என்னைக் கேள்வி கேட்டது; நான் திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு சட்டம் இவ்வளவு நாளும் அலுமாரியில் இருந்திருக்கிறது.

நூலகக்காரி இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இதற்கென்று ஓர் அலுவலகம் உண்டு. மாநிலத்தின் சொந்தச் சட்டம் அரச கந்தோர்களைக் கட்டுப்படுத்தும், கூட்டாட்சியின் சட்டம் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும், எங்கள் மாநிலத்தில் இரண்டையும் கண்காணிப்பது அந்த ஒரே அலுவலகம். இலக்கத்தை வாங்கிக்கொண்டு வந்து, சேர்ட் மாற்றிக்கொண்டு தொலைபேசி எடுத்தேன்.

"ஃபோனுக்கு ஏன் புதுச் சேர்ட்?" என்றாள் மனுசி.

"மாநிலத்தோடை கதைக்கிறன்."

அலுவலகப் பெண் பொறுமையாகக் கேட்டார். நான் தூதரகத்திலிருந்து தொடங்கி அர்ச்சனைச் சிட்டை வரை வந்ததும் மெல்ல இடைமறித்தார். "ஐயா, இரண்டு கடிதம் எழுதுங்கள். முதலாவது, ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்று. இன்றைக்கே, பதிவுத் தபாலில். தொலைபேசியில் செய்த ஒப்பந்தத்திலிருந்து குறித்த நாட்களுக்குள் விலகலாம். இரண்டாவது, என் விவரம் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று. பதில் வராவிட்டால் எங்களிடம் வாருங்கள்."

"வந்தால் என்ன செய்வீர்கள்?"

"அவர்களைக் கேட்போம்."

அந்த இரண்டு சொல்லில் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு மாநிலமே எங்கள் மூன்றாம் மாடிக்காகக் கேள்வி கேட்கப்போகிறது.

முதல் கடிதத்தைத் தங்கச்சி சொன்னபடி மூன்று வரியில் எழுதினேன். இரண்டாவதில் அவள் தலையிடவில்லை, ஆகவே அது இரண்டு பக்கம் வந்தது. "எனது சொந்தக் கிராமத்தின் பெயரை எந்த இருண்ட வழியில் பெற்றீர்கள் என்பதையும், அதைத் தந்த நேர்மையற்ற நபர் யார் என்பதையும் அறியத் தருக" என்று ஒரு வசனம். அதை ஜெர்மனில் எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அதை வாசித்து வாசித்துப் புளுகப்பட்டேன்.

பிறகு காத்திருப்பு. தங்கச்சி வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடுவாள். கடைக்குப் போவதென்றால் என் மனுசியை மேலே அனுப்பி ரெலிபோனுக்குக் காவல் வைப்பாள். பழைய கருவி அது. ஒருவர் கதைத்துக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து வரும் அழைப்பு உள்ளே நுழையாது. ஆகவே நாங்கள் எவரும் அவளுக்குத் தொலைபேசி எடுப்பதில்லை, கதவைத் தட்டுவோம்.

பதினோராம் நாள் முதல் பதில் வந்தது. ஒப்பந்தம் ரத்து. பழைய இணைப்பில் மாற்றம் இல்லை. இலக்கம் அப்படியே இருக்கும். நான் படிக்கட்டில் நின்று சத்தமாக வாசித்தேன். முதலாம் மாடிக்காரன் கதவைத் திறந்து பார்த்தான். அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். தங்கச்சி கடிதத்தை வாங்கி, அந்த ஒரு வரியைத் தானே ஒருமுறை வாசித்து, மடித்து, ரெலிபோனுக்கு அடியில் வைத்தாள். அடுத்த நாள் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாரக் கடைசியில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிந்ததும் மைக்கை வாங்கினேன். சட்டத்தை விளக்கினேன். முப்பத்துநாலாம் பிரிவை மனப்பாடமாகச் சொன்னேன். "ஒவ்வொருத்தரும் ஒரு கடிதம் போடுங்கோ. எங்கடை ஊரையெல்லாம் வித்தவன் ஆர் எண்டு அவங்களே எழுதித் தருவாங்கள். கள்ளன்ரை முகத்தைப் பாப்பம்." கைதட்டல் பலமாக இருந்தது. மாதிரிக் கடிதத்தை நானே பிரதி எடுத்துக் கொடுத்தேன். இருபத்துமூன்று பேர் அனுப்பினார்கள்.

ஒன்பது நாள் கழித்துத் தங்கச்சிக்கு இரண்டாவது பதில் வந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் உறையைத் திறக்காமலே என் கையில் தந்துவிட்டுப் போனாள். "நீங்கள்தானே அண்ணை எல்லாம் செய்தனீங்கள், நீங்களே பாருங்கோ."

குசினி மேசையில் வைத்து, கத்தியால் வடிவாகத் திறந்தேன். மனுசி பக்கத்தில் நின்றாள். மரியாதையான கடிதம். தங்களிடம் உள்ள விவரங்கள் இவை. விலாச வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கினோம். அவருக்கு அது ஒரு பரிசுக் குலுக்கலிலிருந்து வந்தது. விளம்பர அழைப்புகளுக்கு வாடிக்கையாளரே சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார், பிரதி இணைப்பில்.

இணைப்பில் ஓர் அட்டை. குடும்பப் பெயர்: கொக்குவில். அந்தச் சின்னக் கட்டத்தில், கட்டத்துக்கு வெளியிலும் வாலை நீட்டிக்கொண்டு, ஒரு கம்பீரமான புள்ளடி. கீழே என் கையெழுத்து, வழமையான இரண்டு சுழியோடு.

நான் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன்.

"சிவத்தக் கார்," என்றாள் மனுசி.

"ம்."

"கையெழுத்து வடிவாத்தான் கிடக்கு."

"அவங்கள் அட்டையைக் குப்பையிலை போட்டிருப்பாங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

"எத்தினை பேர் கடிதம் போட்டவை?"

"இருபத்துமூண்டு."

"அப்ப இன்னும் இருபத்துமூண்டு கையெழுத்து வருது," என்று சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு "கொக்குவிலோ எண்டு கேட்டான் அண்ணை" என்ற குரல் ஞாபகத்துக்கு வர, நின்றுவிட்டது.

மற்றவர்களைச் சமாளிக்கலாம். ஒரு மாதம் பகிடி பண்ணுவார்கள், கொப்பியைப் பறிப்பார்கள், இரண்டு கல்யாணத்துக்குச் சொல்லாமல் விடுவார்கள். மேல்மாடிக்கு என்ன சொல்வது? அவளைப் பயப்படுத்தி யா சொல்ல வைத்தது கம்பனிக்காரன் இல்லை, நான். அவளுடைய தம்பிக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே வழியை நான் கிட்டத்தட்ட ஒரு காருக்கு விற்றுவிட்டேன். காரும் கிடைக்கவில்லை.

"போய்ச் சொல்லுங்கோ," என்றாள் மனுசி.

பின்னேரம் தங்கச்சி வேலையால் வந்து மேலே ஏறிப்போகும் காலடி கேட்டது. பதினெட்டுப் படிதான். சேர்ட் மாற்றினேன். கதவு வரை போனேன். திரும்பி வந்தேன். அவளுடைய முகத்தை எதிரே வைத்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தொலைபேசியை எடுத்து மேல்மாடியின் இலக்கத்தை அழுத்தினேன்.

ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

"தம்பியோ?"

"இல்லைப் பிள்ளை, நான் கீழ்வீட்டு அண்ணை," என்று தொடங்கிய எனக்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை. தளபாடக் கடையைச் சொன்னேன். பீப்பாயைச் சொன்னேன். வெறுங்கட்டத்தைக் கண்டால் என் கை நிற்காது என்பதைச் சொன்னேன். ஊரை ஏன் எழுதினேன், புள்ளடி ஏன் போட்டேன், கையெழுத்து எப்படி என்னுடையது ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கள்ளன் நான்தான், மன்னிக்கவேண்டும் என்றேன். அறுபத்தொரு பேரின் விவரத்தையும் அழிக்கச் சொல்லி நானே கடிதம் எழுதப்போகிறேன், அதற்கும் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, முப்பத்தைந்தாம் பிரிவு, அதைக் கொஞ்சம் விளக்கட்டுமா என்றும் கேட்டேன்.

"கோவமோ பிள்ளை? ஏதும் சொல்லும். ஏசவெண்டாலும் ஏசும்."

"அண்ணை, ரெலிபோனை வையுங்கோ, தம்பி எடுப்பான்."